தீப்பெட்டியில் வைத்த தொப்புள்கொடி

என் தம்பி பிறந்தபோது வீட்டில் ஆளுக்கொரு வேலை கிடைத்தது. அப்பாவுக்குப் பத்தியச் சாமான் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. அத்தைக்கு எல்லோரையும் அதட்டும் வேலை. அது அவளுக்குப் புதிதும் இல்லை. ஒன்பது வயதான எனக்குக் கிடைத்தது, தம்பியின் தொப்புள்கொடியைக் காவல் காக்கும் வேலை. அதை நான் எவ்வளவு லட்சணமாகச் செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். தம்பி இதைப் படித்தால் படிக்கட்டும். அவனுக்கும் விஷயம் தெரிய வேண்டிய வயதுதான்.

கண்டியில் ரயில் பாதைக்கு மேற்பக்கம், நாற்பது ஐம்பது படி ஏறிப் போகிற ஒரு மேட்டில் எங்கள் வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி. அப்பா டவுனில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்தார். அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் இறந்ததும் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மூக்குப்பொடி டப்பாவும் ஏராளமான சட்டங்களும் கொண்டுவந்தாள். எந்தக் கிழமை தலை முழுகலாம், எந்தத் திசையில் நகம் வெட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் சட்டம் உண்டு. பிள்ளைப்பேறு என்றால் கேட்கவே வேண்டாம்.

தம்பி பெரியாஸ்பத்திரியில் பிறந்து நாலாம் நாள் வீட்டுக்கு வந்தான். அவனுடைய வயிற்றில் கறுத்துப்போன ஒரு துண்டு, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டப்பட்டு நின்றது. எனக்கு அதைப் பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சட்டங்களை ஒப்பித்தாள். அது விழுந்ததும் பத்திரப்படுத்த வேண்டும். வெள்ளித் தாயத்தில் அடைத்து முப்பத்தோராம் நாள் பிள்ளையின் இடுப்பில் கட்ட வேண்டும். எறும்பு தின்றால் பிள்ளை ஓயாமல் அழும். எலி கொண்டுபோனால் பெரியவனானதும் கை நீளும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றிலும் பெரிய சட்டத்தைச் சொன்னாள். பிள்ளையில்லாத பொம்பளை எவளாவது அதை வாழைப்பழத்துக்குள் வைத்து, பல் படாமல் விழுங்கிவிட்டால் அவளுக்கு வயிறு திறந்துவிடும். பெற்றவளுக்கு அன்றோடு வயிறு பூட்டிக்கொள்ளும்.

எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. எங்கள் வீட்டு அலுமாரிக்கும் குசினிப் பெட்டிக்கும் ஒரே சாவிதான். ஒன்றில் மாட்டியிருந்தால் மற்றதைத் திறக்க முடியாது. வயிறும் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டேன். பயமும் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் நான் தம்பி கேட்கவே இல்லை. தங்கச்சிதான் கேட்டிருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த அம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் சண்டை பிடித்தேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“இந்தத் தடவ இவன் முந்திக்கிட்டான். அடுத்தது ஒனக்குத் தங்கச்சிதான். போதுமா?”

அவள் சும்மா சொல்லவில்லை. நான் கைப்பிள்ளையாக இருந்தபோது போட்ட மூன்று சட்டைகளை அம்மா தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதில் ஒரு மஞ்சள் சட்டை. நெஞ்சில் அவளே நூல் வேலை செய்தது. அந்துருண்டை போட்டு, அலுமாரியின் அடித்தட்டில், தங்கச்சிக்கென்று மடித்து வைத்திருந்தாள். நான் அவ்வப்போது போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.

அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கப் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. கொழுந்து பறிக்கிறவள். காலையில் ஆள் பேர் பதிகிற பெரட்டில் சொல்லி, சம்பளமில்லாமல் ஒரு மாதம் நின்றுகொண்டு, ஒரு பை நிறைய முருங்கைக்கீரையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எனக்குச் சித்தி என்றால் உயிர். அவள் கை வேகம் யாருக்கும் வராது. இரண்டு கையாலும் கீரை ஆய்வாள். நாம் ஒரு கொத்து எடுப்பதற்குள் முடித்துவிட்டு எழுந்து போவாள். என் தலையை அவள் பின்னிவிட்டால் மறுநாள் வரைக்கும் கலையாது.

சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. பெரியாஸ்பத்திரிக்கும் போனாள், மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கதிர்காமத்துக்கும் நேர்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் பெரியவர்கள் பேசும்போது தூங்குகிற மாதிரி படுத்திருப்பதில் நான் கெட்டிக்காரி. வந்த அன்று மத்தியானம் அப்படிப் படுத்திருந்தபோதுதான் மற்றதும் காதில் விழுந்தது.

“எங்க தோட்டத்து மேல் டிவிசன்ல அவருக்கு ஒரு புள்ளயப் பாத்து வச்சிருக்காங்கக்கா, எங்க மாமியா. தை பொறந்ததும் பேசி முடிச்சிருவாங்களாம். ‘ஒன்னையத் தொரத்த மாட்டோம், நீயும் ஒரு பக்கமா இருந்துக்க’ங்கிறாங்க.”

“அவரு என்ன சொல்றாரு?”

“அவரு வாயத் தொறந்தாத்தானக்கா.”

அம்மா சித்தியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் சித்தி. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சித்தப்பா மேல் கோபமாகப் படுத்திருந்தேன். அப்போது ஆவணி மாதம். தைக்கு அதிக நாள் இல்லை.

அத்தைக்குச் சித்தி வந்தது பிடிக்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கொடி விழும்வரை சித்தி பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது, துணி மாற்றக் கூடாது. இதை ஒரு சட்டமாகவே போட்டாள். சித்தி குசினியில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, “கண்ணு பட்டுரும்னு சொல்லல. கை பட்டுரும்னுதான் சொல்றேன். ஒன் சித்தி மேல ஒரு கண்ணு வச்சுக்க புள்ள” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தியைப் போய்த் திருடி மாதிரிப் பார்ப்பதா? ஆனால் தங்கச்சி விஷயமும் இருக்கிறதே. கடைசியில் எப்படியோ சமாதானம் செய்துகொண்டேன்: சித்தியை நான் பார்க்கப்போவதில்லை, தொப்புள்கொடியை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

எட்டாம் நாள் காலையில், அத்தை துணி மாற்றும்போது அது தானாகக் கழன்று துணியோடு வந்தது. அத்தை குரவையிடாத குறை. மஞ்சளில் புரட்டி, பஞ்சு விரித்த ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, அலுமாரி மேல்தட்டில் அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவி அத்தையின் இடுப்புக்குப் போனது. தாயத்துக்குப் பத்தரிடம் அப்பா சொல்லியிருந்தார். அது வரும்வரை தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை தீப்பெட்டியைத் திறந்து அம்மாவிடம் காட்டுவாள், மூடுவாள்.

அடுத்த நாளே நான் காரியத்தைக் கெடுத்தேன். பிள்ளைத்துணி எடுக்கச் சொல்லி அத்தை என்னிடம் சாவியைத் தந்துவிட்டுக் குளிக்கப் போனாள். சித்தி குசினியில் இருந்தாள். அம்மா தம்பியோடு படுத்திருந்தாள், தூக்கம். காவல்காரிக்குத் தன் புதையலை ஒரு தரம் தனியாகப் பார்க்க ஆசை இருக்காதா? தீப்பெட்டியை எடுத்து, வெளிச்சத்துக்காக அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துத் திறந்தேன். சுருங்கி, கறுத்து, என் சின்ன விரல் நகமளவு. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழேயிருந்து பக்கத்து வீட்டுப் பையன் கத்தினான், சங்கக்கடைக்குப் பாண் வந்துவிட்டதென்று.

ரொட்டிகூடக் கூட்டுறவுக் கடையில் கூப்பனுக்குத்தான் கிடைத்த அந்தக் காலத்தில் பாண் வந்துவிட்டது என்றால் வீடு தீப்பற்றியதற்குச் சமம். பிந்திப் போனால் வரிசையில் கடைசியில் நின்று வெறுங்கையோடு வரவேண்டியதுதான். அலுமாரியை மூடிவிட்டுக் கூப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வரும்போதுதான், பாதிப் படியில், தீப்பெட்டி ஞாபகம் வந்தது.

உள்ளே வந்தேன். சித்தி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த வாழைப்பழத்தை அம்மா உரித்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் சித்திக்கு வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத்தான் பத்தியம், நீயாவது தின்னுடி. வீணாப் போகுது.”

“குடுத்தா நான் தின்ன மாட்டேனாக்கா” என்று சித்தி வாய் நிறையப் பழத்தோடு சிணுங்கினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அம்மா ஊட்டிவிட்டு எவ்வளவு காலம்! ஆனால் பொறாமைப்பட நேரமில்லை. ஜன்னலில் தீப்பெட்டி திறந்து கிடந்தது. பஞ்சு இருந்தது. மற்றது இல்லை.

வெளியே கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது. எறும்புக்கும் எலிக்கும்தான் அத்தையிடம் சட்டம் இருந்தது. காகம் தின்றால் என்ன ஆகும் என்று கேட்கக்கூட வழியில்லை. விளக்கு வைத்ததும் தீப்பெட்டி திறக்கப்படும். அத்தை என்னை உரித்துவிடுவாள்.

குசினிக்குள் போய் அழுதேன். அப்போதுதான் என் கண்ணில் கொறக்கா பட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மீன்குழம்பில் போடுகிற புளிப்பான ஒரு பழத்தின் சுளை, காயவைத்தால் கறுத்துச் சுருண்டுபோகும். புளி கிடைக்காத அந்த வருஷங்களில் எங்கள் குழம்பெல்லாம் அதில்தான் நடந்தது. சட்டியைத் திறந்து ஒரு சுளையை எடுத்து, பல்லால் கடித்து அளவாக்கி, மஞ்சளில் புரட்டினேன். ஆண்டவன் சத்தியமாக, அச்சு அசல் அதுதான். ஆஸ்பத்திரியில் கட்டிய நூல் ஒன்றுதான் குறை. தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்துக் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டுகிற பூ முடிச்சு. அதைப் போட்டு, தீப்பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அத்தையிடம் கொடுத்தேன்.

அன்று விளக்கு வைத்ததும் அத்தை தீப்பெட்டியைத் திறந்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அத்தைக்குக் கிட்டப் பார்வை மட்டம். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள் என்று போட மாட்டாள். மூக்கோ பொடியால் அடைத்துக் கிடந்தது. “நல்லாக் காஞ்சிருக்கு” என்று மெச்சிவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் தோள் குலுங்கியது. பெற்ற வயிறு, வலி விட்டு விட்டு வரும் என்றாள் அத்தை. எனக்குப் பாவமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் கொடி என்று நம்பிக் கொறக்காவைப் பார்த்து அழுகிறாளே என்று.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. அத்தை கோயிலுக்குப் போனாள். தீட்டு வீட்டிலிருந்து போகக் கூடாதே என்று அப்பா கேட்டதற்கு, வெளியே நின்று கும்பிடுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றுவிட்டாள். துணி மடித்து வைப்பதற்காகச் சாவி சித்தியிடம் வந்தது. அம்மா நிஜமாகவே தூங்கினாள். நான் முற்றத்திலிருந்து தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன்.

சித்தி அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தீப்பெட்டி. கையில் பாதி உரித்த வாழைப்பழம். நூலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அந்தக் கறுத்த துண்டைப் பழத்துக்குள் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கும்போது நிற்காத அந்த விரல்கள் அன்று தடுமாறின. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. பிடிபட்ட திருடியின் முகம் இல்லை அது. விட்டுவிடு என்று கெஞ்சுகிற முகம்.

“சொல்லிறாத பாப்பா. ஒன் காலப் புடிக்கிறேன். அம்மாகிட்டச் சொல்லிறாத.”

சித்தி, அது கொறக்கா. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதைச் சொன்னால் நிஜம் எங்கே என்று கேட்பாள். காகம் கொண்டுபோன கதையைச் சொல்ல வேண்டும். அத்தைக்குத் தெரிந்துவிடும். இப்படி எனக்கு என் தோல்தான் பெரிதாகப் பட்டது. பேசாமல் நின்றேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு, பல் படாமல் விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் சிக்கிப் புரைக்கேறியது. கண்ணில் நீர் கொட்ட, வாயைப் பொத்திக்கொண்டு, எப்படியோ உள்ளே இறக்கினாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“புளிக்குது” என்றாள் மூச்சு வாங்க. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், “அப்புடித்தான் இருக்கும் போல.”

அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். “எங்கக்காவுக்குப் போய் இதச் செஞ்சுட்டேனே” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் குசினிக்குப் போய், இரண்டாவது கொறக்காவைத் தேடி எடுத்தேன். முதல் தடவையைவிட அது சுலபமாக இருந்தது. சித்திக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று தலையில் முத்தம் கொடுத்தாள். அவளை ஏமாற்றிய பிள்ளைக்கு.

அந்த இரண்டாவது கொறக்காதான் வெள்ளித் தாயத்துக்குள் அடைபட்டு முப்பத்தோராம் நாள் தம்பியின் இடுப்புக்கு ஏறியது. ஏழு வயதுவரை அவன் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தான். இன்றைக்கும் மீன்குழம்பு என்றால் அவனுக்கு உயிர். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அதே முப்பத்தோராம் நாள்தான் சித்தி ஊருக்குப் புறப்பட்டாள். அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அலுமாரியைத் திறந்து, அந்த மூன்று சட்டைகளையும் எடுத்து வந்து, பைக்குள் வைத்தாள். மஞ்சள் சட்டை மேலே இருந்தது. சித்தி வெளிறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். நான் வீடே இடிந்து விழுகிற மாதிரிக் கத்தினேன். என் தங்கச்சி சட்டை, கொடுக்க மாட்டேன் என்று பையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். அம்மா என்னைப் பிய்த்து எடுக்கவேண்டி இருந்தது. “தங்கச்சி வர்றப்ப சட்டையும் வரும், விடு” என்றாள். அத்தை, “இல்லாதவளுக்குக் குடுத்து என்னத்துக்கு?” என்று முணுமுணுத்தாள்.

பிறகு வந்த மாதங்கள் எனக்கு நரகம். சித்தி நம்பிக்கையோடு போயிருக்கிறாள். வயிற்றில் இருப்பதோ கொறக்கா. தை பிறக்கும், மேல் டிவிசன் பெண் வருவாள், சித்தி ஒரு பக்கமாக இருக்க வேண்டும். எல்லாம் என்னால். பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போட்டுப் போட்டு என் முழங்கால் வலித்தது. பக்தி முற்றிவிட்டது என்று அப்பா பெருமைப்பட்டார்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் சித்தப்பா படியேறி வந்தார். வாயே திறக்காத மனிதர், அன்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். சித்தி முழுகாமல் இருக்கிறாளாம். இரண்டு மாதமாம்.

அதற்கு உரிமை கொண்டாட ஆட்கள் கிளம்பினார்கள். தன் மருந்துதான் என்றாராம் டாக்டர். கதிர்காமத்து வேண்டுதல்தான் என்றார் சித்தப்பா. தோட்டத்து மாரியம்மனுக்குத் தான் போட்ட மாவிளக்குதான் என்றாளாம், மேல் டிவிசன் பெண்ணை அதற்குள் மறந்துவிட்ட மாமியார். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொறக்காவுக்கு இப்படி ஒரு சக்தி இருக்குமென்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து நான் மீன்குழம்பைத் தொடவில்லை. ஒன்பது வயதில் எனக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? ஒரு வாரம் வெறும் சோறும் பருப்பும் தின்றேன். கடைசியில் ஒருநாள் அம்மா சட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாமத் தின்னுடி. கொறக்காயால ஒண்ணும் ஆகாது” என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டாள். என் பயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

சித்திக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு வந்தபோது அதன் உடம்பில் என் மஞ்சள் சட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ அதைக் கையில் வாங்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் எழவே இல்லை.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு பிள்ளையே தங்கவில்லை. இரண்டு தடவை நின்று கலைந்தது. அத்தை சாகும்வரை அதற்கு எந்தச் சட்டத்திலும் காரணம் கிடைக்கவில்லை. தாயத்துத்தான் இடுப்பில் பத்திரமாக இருக்கிறதே. சித்தி, தன் மகளுக்கு ஐந்து வயதானதும், டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். “இது ஒங்க புள்ளக்கா, நீங்க வளத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். என் பாயிலேயே அது படுத்தது. என் ரிப்பனையே கட்டிக்கொண்டது. எனக்குப் பூ முடிச்சு ஒன்றுதான் தெரியும் என்பதால் அதற்கும் அதுதான் தெரிந்தது.

தம்பி பிறந்து முப்பது வருஷம் போனபிறகு, அந்தப் பிள்ளைக்கு, அதாவது என் தங்கச்சிக்கு, பேராதனை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிறந்தது. பிள்ளையோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். சித்தியும் வந்தாள். ஏழாம் நாள் கொடி விழுந்தது. அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் பிள்ளைத்துணி மடித்துக்கொண்டிருந்தோம். சித்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு தீப்பெட்டி.

“அக்கா, இத நீங்க வாங்கிக்கணும்.”

“எனக்கு எதுக்குடி? இந்த வயசுல நான் முழுங்கவா போறேன்?”

சித்தி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அலுமாரி, தீப்பெட்டி, வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னாள். “ஒங்களுக்கு ஒவ்வொரு தடவையும் கலைஞ்சப்ப நான் செத்துச் செத்துப் பொழச்சேன்கா. அந்தப் பாவத்துக்குத்தான் இவளக் கொண்டாந்து ஒங்க கையில குடுத்தேன். முப்பது வருசமாச் சொல்ல வாய் வரல.”

அம்மா அவளைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

“நீ எப்ப எடுத்த?”

“பதினோராம் நாளு. ஒங்க நாத்தனா கோயிலுக்குப் போயிருந்தாங்க.”

“அதெப்புடி? ஒம்பதாம் நாளே அது ஒன் வயித்துக்குள்ள போயிருச்சே. நான்தான பழத்துல வச்சு ஊட்டிவிட்டேன். இவ ஜன்னல்ல வச்சுட்டுப் பாணுக்கு ஓடுனா. விட்டா எப்பக் கெடைக்கும்னு எடுத்துட்டேன்.”

அம்மாவின் காலை விட்டுவிட்டுச் சித்தி மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் முழுங்கினது என்னது?”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு நாற்பது வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பிள்ளைக்குத் தாய். ஆனாலும் அத்தை இடுப்புச் சாவியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி எனக்கு நடுங்கியது.

“கொறக்கா” என்றேன்.

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். “பூ முடிச்சு! பூ முடிச்சுப் போட்டுல வச்சிருந்தா! அன்னிக்கு நான் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டது அதுக்குத்தான்” என்று இருமும்வரை சிரித்தாள். “அதான் புளிச்சுது” என்று சித்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“தெரிஞ்சேவா குடுத்தீங்க? ஒங்க வயிறு பூட்டிக்கும்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருந்தா நீ வாயத் தொறந்திருப்பியாடி?”

சித்தி தலையை அம்மாவின் மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா அவளுடைய நரைத்த தலையைத் தடவிக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னாள், “இவ தங்கச்சி வேணும்னு கேட்டா. வந்துச்சுல்ல. எந்த வயித்துல வந்தா என்ன.”

அவர்கள் நம்பியதை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். டாக்டர் வேறு காரணம் சொல்வார். எனக்கு அந்தச் சமயத்தில் ஞாபகம் வந்தது வேறு. முப்பத்தோராம் நாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது, மஞ்சள் சட்டையின் ஒரு நுனி என் பிடிக்குள் இருந்தது. அம்மா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுடைய கை நடுங்கியது. நான் அவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறேன் போல என்று அன்று நினைத்துக்கொண்டேன்.